கைபர் கணவாய்: வாசலும் காவலும்

சென்ற மாதம் எட்டாம் வகுப்பில் சரித்திரப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். கரும்பலகையில் பாரத தேசத்தின் படத்தை எழுதி, வடமேற்கு மூலையில் மலைத்தொடர் ஒன்றை இழுத்து, அதன் நடுவே சிறிது இடைவெளி விட்டு, அந்த இடைவெளியின் வழியாக நீண்ட அம்புக்குறி ஒன்றைப் போட்டேன். "இதுதான் கைபர் கணவாய். அலெக்ஸாண்டர் முதல் ஆமதுஷா அப்தாலி வரையில் எல்லாரும் இந்த வழியாகத்தான் வந்தார்கள்" என்றேன். இருபது வருஷங்களாக நான் சொல்லி வரும் வாக்கியம் இது. என் ஆசிரியரும் எனக்கு இதையேதான் சொன்னார்.

மூன்றாம் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் எழுந்தான். "ஸார், எல்லாரும் ஒரே வாசல் வழியாகத்தானே வந்தார்கள்? அந்த வாசலுக்கு ஒரு கதவு போட்டுப் பூட்டியிருக்கக் கூடாதா?" என்று கேட்டான்.

வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல வேளையாக மணி அடித்தது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடு கூடவே வந்தது. யோசிக்க யோசிக்க, அது சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல என்று தோன்றிற்று. இரண்டாயிரம் வருஷ காலத்தில் எத்தனையோ சக்கரவர்த்திகள் அந்த வாசலைப் பூட்ட முயன்றிருக்கிறார்கள். அவர்களில் யார் வென்றார்கள், யார் தோற்றார்கள், ஏன்? இதைத் தெரிந்து கொள்ளாமல் எப்படி நான் மறுபடியும் அந்த அம்புக்குறியைப் போடுவது? அலமாரியிலிருந்த சரித்திர நூல்களை மறுபடியும் புரட்டினேன். அதன் பயனே இக் கட்டுரை.

இடத்தின் அமைப்பு

கணவாய் என்றவுடன் நம் மனத்தில் முதலில் வருவது பாலக்காட்டுக் கணவாய். அங்கே மேற்குத் தொடர்ச்சி மலை இருபது மைல் அளவுக்கு விலகி நின்று, ரயிலுக்கும் காற்றுக்கும் மழைக்கும் தாராளமாக வழி விடுகிறது. கைபர் அப்படிப்பட்டதல்ல. பெஷாவர் நகரிலிருந்து மேற்கே பத்து மைல் சென்றால் ஜாம்ரூத் என்ற ஊர். அங்கே ஒரு பழங்கோட்டை, மண் நிறத்தில், போர்க்கப்பல் ஒன்று தரை தட்டி நிற்பது போல நிற்கிறது. அக்கோட்டைக்கு அப்பால் சமவெளி முடிந்து மலைகள் தொடங்குகின்றன. மரமில்லை, புல்லில்லை, வெயிலில் வெந்த பாறைகளே எங்கும். பாதை வளைந்து வளைந்து ஏறி, அலி மஸ்ஜித் என்னுமிடத்தில் இரு புறமும் செங்குத்தான சுவர்களுக்கிடையே நெருக்குண்டு செல்கிறது. பழைய நாளில் பாரம் ஏற்றிய இரண்டு ஒட்டகங்கள் அங்கே ஒன்றையொன்று தாண்டிப் போக முடியாது என்று சொல்வார்கள். பின்னர் லாண்டி கோட்டல் என்ற மேட்டில், ஏறக்குறைய 3,500 அடி உயரத்தில், கணவாய் தன் உச்சியை அடைகிறது. அங்கிருந்து மறுபுறம் இறங்கினால் தோர்க்கம். அதுவே இன்று பாகிஸ்தானுக்கும் ஆப்கானிஸ்தானத்துக்கும் எல்லை. எல்லாம் சேர்ந்து முப்பது மைலுக்குச் சற்று அதிகம்.

இமயத்தின் கணவாய்களோடு ஒப்பிட்டால் இது உயரமே அல்ல. பனியால் மூடிக் கிடப்பதுமில்லை. ஆகவேதான் காபூலிலிருந்து சிந்து நதிக்கு வருகிறவர்களுக்கு இது நேர் வழி ஆயிற்று. ஆனால் இவ்வழியில் நடப்பவன் ஒவ்வோர் அடியிலும், தலைக்கு மேலுள்ள பாறைகளில் இருப்பவனுடைய தயவில் நடக்கிறான். கைபரின் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது.

அந்தப் பாறைகளில் இருப்பவர்கள் யார்? ஜாம்ரூத் பக்கத்திலிருந்து மேட்டை நெருங்கும் வரையில் அப்ரீதிகள். லாண்டி கோட்டலைச் சுற்றி ஷின்வாரிகள். பஷ்தோ மொழி பேசும் பட்டாணிய மரபினர். விளைநிலம் மிகக் கொஞ்சம். ஆடு மேய்த்தலும், வழிப் போக்கர்களுக்குத் துணை செல்வதும், அதற்காகச் சுங்கம் வாங்குவதுமே அவர்களுடைய பிழைப்பு. மற்றவர்களுக்கு வாசலாக இருந்த இடம் இவர்களுக்கு வீடு.

அம்புக்குறியின் பிழை

முதலில் என் பிழையை ஒப்புக் கொண்டு விடுகிறேன். எல்லாரும் கைபர் வழியாகத்தான் வந்தார்கள் என்பது சரியல்ல.

கி.மு. 327-ல் அலெக்ஸாண்டர் காபூல் நதிப் பிரதேசத்துக்கு வந்தபோது தன் சைன்யத்தை இரண்டாகப் பிரித்தான். ஹெபைஸ்தியன், பெர்திக்காஸ் என்ற தளபதிகளின் கீழ் ஒரு பகுதி நேர் வழியாகச் சிந்து நதியை நோக்கிச் சென்றது. அலெக்ஸாண்டரோ வடக்கே திரும்பிக் கூனார், ஸ்வாத் பள்ளத்தாக்குகளில் நுழைந்து, அங்கிருந்த மலை நாட்டாருடன் மாதக் கணக்கில் யுத்தம் செய்தான். பக்கத்து மலைகளில் பகைவனை வைத்துக் கொண்டு கணவாயை மட்டும் கடந்து போனால் ஆபத்து என்று அவன் உணர்ந்திருந்தான்.

அராபியர்கள் 712-ல் சிந்து தேசத்தைப் பிடித்தது தெற்கே மக்ரான் கடற்கரை வழியாக வந்து. தைமூர் 1398-ல் கைபருக்குத் தெற்கே, பன்னு பிரதேசத்தின் வழியாக இறங்கினான். கோமல், குர்ரம், போலான் என்று வேறு பல வழிகளும் உண்டு. கஜினி மாமூது 1001-ல் பெஷாவருக்கருகே ஜயபாலனைத் தோற்கடித்ததும், 1526-ல் பாபர் பானிப்பட்டு நோக்கி வந்ததும் இந்தப் பக்கமாகத்தான் என்பது உண்மையே. ஆயினும் கைபர் ஒன்றே வாசல் என்று கரும்பலகையில் எழுதியது தவறு. வீட்டுக்கு வாசல்கள் பல. அவற்றுள் மிகப் பெயர் பெற்றது இது.

இன்னொன்றையும் என் அம்புக்குறி மறைத்து விட்டது. இவ்வழியே வந்தவர்கள் எல்லாரும் வாளேந்தி வரவில்லை. கணவாயின் ஓரத்தில் ஷ்போலா என்னுமிடத்தில் பழைய பௌத்த ஸ்தூபி ஒன்று பாழடைந்த நிலையில் இன்றும் நிற்கிறது. இந்தப் பாதை ஒரு காலத்தில் புத்த பகவானின் தர்மம் மத்திய ஆசியாவுக்குச் சென்ற பாதை. சீன யாத்திரிகரான ஹியூன்-ஸாங், சுமார் 630-ல் இன்றைய ஜலாலாபாத் பக்கத்திலிருந்து மலைகளைக் கடந்து காந்தார நாட்டுக்குள் இறங்கினார். அதே ஹியூன்-ஸாங் பத்து வருஷங்களுக்குப் பின் பல்லவர்களின் காஞ்சி மாநகருக்கு வந்து, அதன் பெருமையை எழுதி வைத்தார் என்பது நமக்கெல்லாம் தெரியும். காஞ்சிபுரத்துக்கு வந்த அந்தப் புண்ணிய பாதங்கள் வடமேற்கு மலைகளின் கற்களில் நடந்து வந்த பாதங்கள்தாம்.

மொகலாயர்கள் போட்ட கதவு

வாசலைப் பூட்ட முதன் முதலில் ஒழுங்காக முயன்றவர்கள் மொகலாயர்கள். அவர்களுக்குக் காபூல் ஒரு மாகாணம், டில்லி தலைநகரம். இரண்டுக்கும் இடையே கைபர். அக்பர் 1580-களில் வண்டிகள் போகும்படி அங்கே ரஸ்தா போடுவித்தார். அதே ரஸ்தாவைக் காப்பதற்காக மலைவாசிகளுடன் ஓயாமல் போராடவும் நேர்ந்தது. 1586-ல் ராஜா பீர்பல் உயிரிழந்தது இந்த எல்லைப்புற யுத்தத்தில்தான். கைபருக்கு வடக்கே ஸ்வாத் மலைகளில். அக்பரையும் பீர்பலையும் பற்றிய வேடிக்கைக் கதைகளைக் குழந்தைகளுக்குச் சொல்லும் நாம், அந்தக் கதை முடிந்த இடத்தைச் சொல்வதில்லை.

1672-ல் பெரிய விபத்து ஒன்று நேர்ந்தது. காபூல் சுபேதாராக இருந்த முகம்மது அமீன்கான் பெரும் படையுடனும் குடும்பத்துடனும் கணவாய் வழியாகப் போய்க் கொண்டிருந்தான். ஐமல்கான் என்ற தலைவனின் கீழ் அப்ரீதிகள் எழுந்திருந்தார்கள். அவர்கள் வழியை மறித்து, தண்ணீர் கிடைக்காமல் தடுத்து, மேலிருந்து கற்களை உருட்டினார்கள். பதினாயிரம் பேர் மாண்டார்கள் என்று அக்கால நூல்கள் கூறுகின்றன. சுபேதார் தப்பினான், அவன் குடும்பத்தார் சிறைப்பட்டுப் பின்னர்ப் பணம் கொடுத்து மீட்கப்பட்டனர்.

இந்தச் செய்தி டில்லியை உலுக்கிற்று. 1674-ல் ஔரங்கஜீப் பாதுஷாவே புறப்பட்டு, சிந்து நதிக்குக் கிழக்கேயுள்ள ஹஸன் அப்தாலில் வந்து தங்கினார். தக்கணத்திலிருந்த தேர்ந்த படைகளும் தளபதிகளும் வடமேற்குக்கு இழுக்கப்பட்டனர். அந்த வருஷத்திலேதான் ராயகட கோட்டையில் சிவாஜி முடி சூட்டிக் கொண்டார். 1677-ல் அவர் தம் படையுடன் தெற்கே இறங்கிச் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றினார். தடுக்கக் கூடிய மொகலாயப் பெரும்படை அப்பொழுது தக்கணத்தில் இல்லை. இந்தத் தொடர்பைச் சரித்திராசிரியர் ஸர் ஜதுநாத் ஸர்க்கார் எடுத்துக் காட்டியிருக்கிறார். செஞ்சி மலையில் நின்று ராஜகோட்டையைப் பார்க்கிற நாம், அதன் கதவு திறந்ததற்குக் கைபரில் உருண்ட கற்களும் ஒரு காரணம் என்பதை எண்ணிப் பார்த்திருப்போமா?

கடைசியில் அந்தப் பிரச்னையைத் தீர்த்தது படை அல்ல. அமீர்கான் என்ற சுபேதார் சுமார் இருபது வருஷம், 1698-ல் இறக்கும் வரையில், காபூலில் அதிகாரம் செலுத்தினார். கணவாய் மக்களின் தலைவர்களை வரவழைத்துப் பேசினார். வழியைத் திறந்து வைப்பதற்காக ஒவ்வொரு குலத்துக்கும் ஆண்டுதோறும் தொகை கொடுத்தார். அவர்களுடைய சண்டைகளைத் தீர்த்து வைத்தார். சண்டை மூட்டியும் வைத்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவருக்கு எல்லா விஷயங்களிலும் யோசனை சொன்னவர் அவர் மனைவி ஸாஹிப்ஜி அம்மையார். கணவர் இறந்த பிறகு, புதிய அதிகாரி வந்து சேரும் வரையில், அந்த அம்மையாரே காபூல் மாகாணத்தை ஆண்டார். பெரிய பீரங்கிகளால் ஆகாத காரியம், வாக்குத் தவறாத ஒரு குடும்பத்தால் ஆயிற்று.

சம்பளம் கொடுக்காத குற்றம்

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஔரங்கஜீப் 1707-ல் இறந்தார். டில்லியில் பாதுஷாக்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். முகம்மது ஷா காலத்தில் காபூல் சுபேதாராக இருந்தவன் நாஸிர்கான். படைவீரர்களுக்கு வருஷக் கணக்கில் சம்பளம் பாக்கி. மலைவாசிகளுக்குக் கொடுத்து வந்த தொகையும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. நாஸிர்கான் டில்லிக்கு எழுதிக் கொண்டே இருந்தான்: பாரசீகத்தில் நாதிர்ஷா என்றொருவன் கிளம்பியிருக்கிறான், பணம் அனுப்புங்கள் என்று. டில்லித் தர்பாரில் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். பணம் பறிப்பதற்கான தந்திரம் என்றார்கள்.

1738-ல் நாதிர்ஷா காபூலைப் பிடித்தான். நாஸிர்கான் அவசரமாகத் திரட்டிய மலைவாசிகளைக் கொண்டு கைபரின் வாயை அடைத்துக் கொண்டு காத்திருந்தான். நாதிர்ஷா அங்கே வரவில்லை. அவ்வருஷம் நவம்பர் மாதத்தில் ஓர் இரவு, தேர்ந்த குதிரைப்படையுடன் தெற்கே விலகி, ஆடு மேய்ப்பவர்களே அறிந்த கரடுமுரடான பாதையில் புகுந்து, மலைகளைச் சுற்றி, நாஸிர்கானுக்குப் பின்புறமாக வந்து இறங்கினான். முன்வாசலைக் காத்தவன் திரும்பிப் பார்ப்பதற்குள் யுத்தம் முடிந்து விட்டது.

மூன்று மாதத்தில் கர்னால் யுத்தம். 1739 மார்ச்சு மாதத்தில் டில்லியின் வீதிகளில் இரத்தம் ஓடிற்று. மயிலாசனமும் கோஹினூர் வைரமும் மேற்கே போயின. காவற்காரர்களின் சம்பளத்தில் மிச்சம் பிடித்த தர்பார், அஸ்திவாரம் வரையில் அனைத்தையும் கொடுத்துத் தீர்த்தது.

வெள்ளையர் காலம்

பஞ்சாப் சிங்கம் ரஞ்சித் சிங்கின் தளபதி ஹரிசிங் நல்வா 1834-ல் பெஷாவரைப் பிடித்து, 1836-ல் ஜாம்ரூத் கோட்டையைக் கட்டினார். மறு வருஷமே அந்தக் கோட்டையைக் காக்கும் யுத்தத்தில் அவர் உயிர் நீத்தார். கோட்டை மட்டும் விழவில்லை. மேற்கிலிருந்து கிழக்கே வந்து கொண்டிருந்த அம்புக்குறி அங்கே முதன் முறையாக நின்றது.

பிறகு ஆங்கிலேயர் வந்தனர். 1842 ஜனவரியில் காபூலிலிருந்து பின்வாங்கிய அவர்களுடைய படை முழுவதும் கைபரில் அழிந்தது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது கைபரில் அல்ல. ஜலாலாபாத்துக்கு மேற்கே குர்த் காபூல், ஜக்தலக் கணவாய்களிலும் கண்டமக்கிலும். புறப்பட்டவர் சுமார் 4,500 போர்வீரரும் 12,000 பரிவாரத்தாரும். டாக்டர் பிரைடன் என்ற ஒரே ஓர் ஆங்கிலேயர் குதிரையில் தள்ளாடி வந்து சேர்ந்த காட்சியைச் சித்திரமாகத் தீட்டி மாட்டினார்கள். ஆனால் அந்தப் பனியில் விறைத்து மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் தேசத்துச் சிப்பாய்களும், சமையற்காரர்களும், ஒட்டகக்காரர்களும், அவர்களுடைய பெண்டு பிள்ளைகளுமே. அவர்களைப் பற்றி ஒரு சித்திரமும் கிடையாது.

அந்தத் தோல்விக்குப் பழி வாங்கப் புறப்பட்ட ஜெனரல் பொல்லாக், 1842 ஏப்ரல் 5-ந் தேதி கைபரில் நுழைந்தார். கணவாயின் வாயில் அப்ரீதிகள் கற்களால் அரண் எழுப்பியிருந்தனர். பொல்லாக் நேரே மோதவில்லை. இரு புறத்து மலைகளிலும் காலாட்படையை ஏற்றி, உச்சிகளைப் பிடித்த பிறகே பீரங்கிகளைப் பாதையில் நகர்த்தினார். 1878 நவம்பரில் இரண்டாம் ஆப்கான் யுத்தத்தில் அலி மஸ்ஜித் கோட்டை விழுந்ததும் அப்படியே. பின்புறமாகப் படை சுற்றி வருகிறது என்று கேட்டதும், காவலர்கள் இரவோடிரவாகக் கோட்டையை விட்டு நீங்கினர். கைபரில் முன்வாசலைப் பிடித்து நின்று வென்றவன் அபூர்வம்.

1879-ல் கண்டமக் உடன்படிக்கையால் கணவாயின் அதிகாரம் ஆங்கிலேயருக்கு வந்தது. அவர்கள் பழைய அமீர்கானின் வழியையே கையாண்டனர். அப்ரீதிகளுக்கு ஆண்டுத் தொகை கொடுத்து, அவர்களைக் கொண்டே கைபர் துப்பாக்கிப் படை என்ற காவற்படையை அமைத்தனர். வார்பர்ட்டன் என்ற அதிகாரி பதினெட்டு வருஷம் அங்கே இருந்தார். அவருடைய தாயார் ஆப்கானியப் பெண். மக்களின் பாஷையில் பேசினார், ஆயுதமின்றி நடமாடினார். வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் ஒட்டகச் சாத்துகள் அச்சமின்றிப் போய் வந்தன.

1897-ல் வார்பர்ட்டன் ஓய்வு பெற்றார். ஆகஸ்டு மாதத்தில் எல்லைப்புறம் முழுவதும் தீப்பற்றிக் கொண்டது. லாண்டி கோட்டல் கோட்டைக்குள் இருந்தவர்கள் கைபர் காவற்படையினர். அவர்களைச் சுற்றி நின்றவர்கள் அவர்களுடைய சொந்த இனத்தார். அவர்களுடன் இருந்த ஆங்கிலேய அதிகாரியைத் திரும்ப அழைத்துக் கொண்டார்கள். கூப்பிடு தூரம் போன்ற பெஷாவரில் ஆயிரக் கணக்கான துருப்புகள் இருந்தும், ஒருவரையும் உதவிக்கு அனுப்பவில்லை. வாக்குக் கொடுத்த அந்த மனிதர்கள் தங்கள் உறவினரையே எதிர்த்துப் போராடிப் பார்த்து முடிவில் தோற்றனர். கோட்டை கொளுத்தப்பட்டது. மீட்பதற்காக அதன் பின் தீராப் பிரதேசத்துக்கு அனுப்பப்பட்ட படை முப்பதாயிரத்துக்கு மேல். நம் சென்னைச் சாப்பர் படையினரும் அந்தத் தண்டில் இருந்தனர். தீரா என்ற பெயரை இன்றும் தங்கள் விருதுகளில் ஒன்றாக வைத்திருக்கின்றனர். சில நூறு பேரை நேரத்தில் அனுப்பாததற்குக் கொடுத்த விலை அது.

1919-ல் மூன்றாம் ஆப்கான் யுத்தம் வந்தது. போர் புரிய விருப்பமா, விலக விருப்பமா என்று கைபர் படையினரைக் கேட்டபோது பெரும்பாலோர் விலகிக் கொண்டனர். படையே கலைக்கப்பட்டது, 1946-ல்தான் மறுபடியும் அமைக்கப்பட்டது. இருபத்திரண்டு வருஷங்களுக்கு முன் லாண்டி கோட்டலில் நடந்ததை மலைகள் மறந்திருக்கவில்லை போலும்!

இரும்புப் பாதையும் கால்நடைப் பாதையும்

அந்த யுத்தத்துக்குப் பிறகு ஸர்க்கார் இரும்பையே நம்பினர். 1920-ல் தொடங்கி, 34 சுரங்கங்களையும் 92 பாலங்களையும் மதகுகளையும் அமைத்து, 1925 நவம்பரில் லாண்டி கோட்டல் வரையில் ரயில் ஓட்டினார்கள். மலைச் சரிவில் வண்டி முன்னும் பின்னுமாக ஏணிப்படி ஏறுவது போல ஏறும். பெரிய எஞ்சினீரிங் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ரயில் தண்டவாளம் காபூலைக் காணவில்லை. எல்லைக்கருகே சென்ற கடைசிப் பகுதி 1932-லேயே மூடப்பட்டது. பிற்காலத்தில் உல்லாசப் பிரயாணிகளுக்காக ஓடிய வண்டியும், இந்த நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் வந்த வெள்ளத்தில் தண்டவாளம் அரிக்கப்பட்டு நின்று போயிற்று.

இரும்பை நம்பியவர்கள் கணவாய்க்குக் கீழே, பெஷாவரில் எழுந்த வேறொரு சக்தியை எதிர்பார்க்கவில்லை. கான் அப்துல் கபார்கான் பட்டாணியரைத் திரட்டி, ஆயுதமில்லாத தொண்டர் படை ஒன்றை அமைத்தார். 1930 ஏப்ரல் 23-ந் தேதி பெஷாவரின் கிஸ்ஸா குவானிக் கடைவீதியில் அவர்கள் மேல் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. சந்திரசிங் கட்வாலி முதலிய கட்வால் சிப்பாய்கள் நிராயுதபாணிகளைச் சுட மாட்டோம் என்று மறுத்துச் சிறை சென்றனர். அதே ஏப்ரலில் தான் நம் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து கொண்டிருந்தார். அவ்வருஷக் கோடையில் அப்ரீதிகள் மலையிலிருந்து பெஷாவரை நோக்கி இறங்கினர். இம்முறை அவர்கள் வந்தது சுட்டவர்களின் மேல் கொண்ட கோபத்தினால்.

1941 ஜனவரியில் மற்றொருவர் அந்த மலைகளைக் கடந்தார். கல்கத்தாவில் தம் வீட்டுக் காவலிலிருந்து தப்பிய சுபாஷ் சந்திர போஸ், காது கேளாத, வாய் பேசாத பட்டாணிய யாத்திரிகராக வேஷம் பூண்டு, பகத்ராம் தல்வார் என்ற துணைவருடன் பெஷாவரிலிருந்து புறப்பட்டார். ஜாம்ரூத்தை ஒட்டிச் சிறிது தூரம் மோட்டாரில் சென்று, பிறகு ரஸ்தாவை விட்டு விலகி, மலைப் பாதைகளில் நடந்தே எல்லையைக் கடந்து காபூல் சேர்ந்தார். கோட்டை, ரயில், காவல் நிலையம் எல்லாம் முன்வாசலில் இருந்தன. அவர் போனது நாதிர்ஷா வந்தாற்போல ஆட்டுப் பாதையில். மலைவாசிகள் வழி விட்டார்கள், அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

1947-ல் கைபர் பாகிஸ்தானைச் சேர்ந்தது. 1964-ல் ஜாம்ரூத்தில் பெரிய தோரண வாயில் ஒன்று கட்டினார்கள். அதன் பின்னும் அந்தப் பாதைக்கு ஓய்வில்லை. 1980-களில் ஸோவியத் யுத்தத்துக்கு அஞ்சிய அகதிகள் கிழக்கே வந்தனர். 2001-க்குப் பிறகு மேல்நாட்டுப் படைகளுக்குச் சாமான் ஏற்றிய லாரிகள் மேற்கே சென்றன. 2011 நவம்பரில் எல்லையில் நடந்த ஒரு தாக்குதலுக்குப் பின், பாகிஸ்தான் ஏழு மாத காலம் அந்த லாரிகளுக்கு வழியை மூடி விட்டது. உலகத்தின் பெரிய வல்லரசு வேறு வழி தேடி அலைந்தது. 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் காபூலைப் பிடித்த பின் தோர்க்கம் வாயில் பல முறை மூடியும் திறந்தும் இருக்கிறது. 2023 இறுதியிலிருந்து பல லக்ஷம் ஆப்கானியர், பாகிஸ்தானில் பிறந்து வளர்ந்த குழந்தைகளுடன், மூட்டை முடிச்சுகளோடு அந்த எல்லையைக் கடந்து திருப்பி அனுப்பப்பட்டனர். 2018 வரையில் கணவாய் மக்களுக்கு நாட்டின் மற்றப் பகுதியினருக்குள்ள சட்டமும் கோர்ட்டும் கூட இல்லை. அவ்வருஷத்தில்தான் அவர்களுடைய பிரதேசம் மாகாணத்தோடு முறையாக இணைக்கப்பட்டது.

பையனுக்குச் சொன்ன பதில்

இவ்வளவையும் படித்துவிட்டு மறுபடியும் அந்த வகுப்புக்குப் போனேன். பழைய படத்தை எழுதினேன். ஆனால் இம்முறை அம்புக்குறிகள் பல, கிழக்கேயும் மேற்கேயும். பையனை எழுந்து நிற்கச் சொன்னேன்.

"நீ கேட்டது நல்ல கேள்வி, அப்பா! கதவு போட்டார்கள். கோட்டை கட்டினார்கள், ரயிலும் விட்டார்கள். ஆனால் மலைக்குச் சந்து பொந்துகள் ஆயிரம். அவை அங்கே வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றின நாட்களில் வாசல் பத்திரமாக இருந்தது. சம்பளத்தை நிறுத்தின போதும், ஆபத்தில் கைவிட்ட போதும் எந்தப் பூட்டும் நிற்கவில்லை" என்றேன்.

பையன் உட்காரவில்லை. சிறிது யோசித்தான்.

"அப்படியானால், ஸார், வந்தவர்கள் பெயரெல்லாம் புஸ்தகத்தில் இருக்கிறது. அங்கேயே இருந்தவர்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே?" என்றான்.

இம்முறை வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் சாக்குக் கட்டியை எடுத்து, மலைத்தொடரின் மேல், கணவாய்க்கு இரு புறமும், அப்ரீதி என்றும் ஷின்வாரி என்றும் எழுதினேன். பிள்ளைகள் தங்கள் நோட்டுப் புஸ்தகத்தில் அதைப் பார்த்து எழுதிக் கொண்டார்கள்.